நெல் சூல் கட்டும்போது எலி குட்டி போடும்: முந்திக்கொள்வது எப்படி?

அறுவடைக்கு இருபது நாள் இருக்கும்போது நெல் வயலுக்குள் இறங்கிப் பார்த்தால், நடு வயலில் வட்டம் வட்டமாகத் தூர்கள் சாய்ந்து கிடக்கும். தண்டு ஒவ்வொன்றும் கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். வரப்போரப் பயிர் நன்றாக நிற்பதால், வரப்பில் நடந்து போகிறவர் கண்ணுக்கு இந்தச் சேதம் தெரிவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திருக்கழுக்குன்றம் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கும் விவசாயிகளுக்கு இது பழகிப்போன காட்சி. அதைப் பார்த்த அன்றுதான் பலர் கடைக்குப் போய் எலி மருந்து வாங்குகிறார்கள். மருந்து வைத்தால் பத்து எலி சாகும். ஆனால் வெட்டுப்பட்ட கதிர் திரும்பி வராது.

மாடு சினையானால் கன்று ஈனும் நாளை எண்ணுகிறோம். வெள்ளாடு சினையானால் ஐந்து மாதம் என்று கணக்கு வைக்கிறோம். அந்த நாளுக்கு முன்பே கொட்டகையைச் சுத்தம் செய்து தயாராகிறோம். வயலில் இருக்கும் எலி எப்போது குட்டி போடும் என்பதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. எண்ணத் தெரிந்தால் எலித் தொல்லையில் பாதி அங்கேயே குறையும். குட்டி போட்ட பிறகு பத்து எலியைக் கொல்வதைவிட, குட்டி போடும் முன் ஒரு தாய் எலியைப் பிடிப்பது எளிது, செலவும் குறைவு.

மூன்று வாரச் சினை

நம் பகுதி வயல்களில் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகிய மூன்றும் இருக்கின்றன. மணற்பாங்கான மேட்டு நிலத்தில் வெள்ளெலியும் உண்டு. நெல்லுக்கு அதிகக் கெடுதல் செய்வது கரம்பை எலி. வரப்பில் புதுமண் குவித்து வைத்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

இதன் சினைக்காலம் சுமார் 3 வாரம். ஓர் ஈற்றில் 6 முதல் 8 குட்டிகள் சாதாரணம். சில சமயம் அதற்கும் மேல் இருக்கும். குட்டிகள் முடியில்லாமல், கண் திறக்காமல், இளஞ்சிவப்பாகப் பிறக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும். சுமார் ஒரு மாதத்தில் பால் மறந்து தானே இரை தேடும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அவையே குட்டி போடும் நிலைக்கு வந்துவிடும். ஈன்ற ஓரிரு நாளிலேயே தாய் மறுபடியும் இணை சேர்ந்து சினைப்பிடிக்க முடியும். முதல் ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈற்று வயிற்றில் வளரும்.

பயிரை வைத்து நாள் எண்ணலாம்

சினையான எலிக்கும் பால் கொடுக்கும் எலிக்கும் சத்தான இரை நிறைய வேண்டும். நாற்று நட்ட புதிதில் வயலில் அது கிடைக்காது. தூர் கட்டி முடிந்து, தண்டுக்குள் கதிர்க் குருத்து உருவாகும் சமயத்தில்தான் பயிரில் இனிப்பும் சத்தும் ஏறுகிறது. எலிகளின் இனப்பெருக்கமும் அப்போதுதான் வேகம் பிடிக்கிறது. அங்கிருந்து மூன்று வாரம் எண்ணினால் நெல் சூல் கட்டி நிற்கும். முதல் ஈற்றுக் குட்டிகள் அந்த நாட்களில் பிறக்கின்றன. அடுத்த மூன்று வாரத்தில் கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கும். அப்போது இரண்டாம் ஈற்று.

இரை பெருகினால் எலி பெருகும் என்பதற்குப் பெரிய சாட்சி மிசோரம் மாநிலம். அங்கே ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு வகை மூங்கில் காடு முழுவதும் பூத்து விதை கொட்டும். அந்த விதையைத் தின்று பெருகும் எலிகள், விதை தீர்ந்ததும் வயல்களில் புகுந்துவிடும். மக்கள் இதை ‘மௌதாம்’ என்கிறார்கள். 1959-இல் இதனால் பெரும் பஞ்சம் வந்தது. 2006 முதல் 2008 வரையிலான பூப்பிலும் பயிர்கள் அழிந்தன.

நம் வயலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஈற்றுக்கு 8 குட்டி என்று வைத்துக்கொண்டால், கதிர்க் குருத்து உருவாகும்போது இருந்த ஒரு தாய், அறுவடைக்குள் இரண்டு ஈற்றில் 16 குட்டிகளை ஈன்றிருக்கும். பாம்பு, கூகை, கீரி, மழை ஆகியவற்றால் பல குட்டிகள் சாகும். பாதி தப்பினாலும் ஒன்று ஒன்பதாகிவிடும். அவையே அடுத்த பட்டத்தின் தாய்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தூர் கட்டும்போது எலி வெட்டினால் நெற்பயிர் பக்கத் தூர் விட்டு ஓரளவு ஈடு செய்துகொள்ளும். சூல் கட்டிய பிறகு வெட்டினால் ஈடு செய்ய அதற்கு நாளும் இல்லை, சக்தியும் இல்லை. எலிக்கு அதிக இரை தேவைப்படும் நாளும், பயிர் இழப்பைத் தாங்க முடியாத நாளும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

எந்த நாளில் இறங்க வேண்டும்?

கணக்கு எளிது. அறுவடை நாளிலிருந்து 65 நாள் பின்னோக்கிப் போனால் கதிர்க் குருத்து உருவாகும் நாள் வரும். அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் எலி ஒழிப்புக்கு ஏற்ற காலம்.

*சம்பா:* 135 நாள் ரகத்தை ஆகஸ்ட் 15-இல் விதைத்தால், அக்டோபர் 24 வாக்கில் கதிர்க் குருத்து உருவாகும். ஆகவே அக்டோபர் 10-க்கும் 24-க்கும் இடையில், அதாவது புரட்டாசிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும் முன் வேலையை முடிக்க வேண்டும். மழை பிடித்து வயல் நிறைந்துவிட்டால் எலிகள் வரப்புக்கும் மேட்டுக்கும் ஏறி, அங்கே குட்டி போடும்.

*நவரை:* 110 நாள் ரகத்தை டிசம்பர் 20-இல் விதைத்தால், பிப்ரவரி 3 வாக்கில் கதிர்க் குருத்து உருவாகும். பொங்கல் முடிந்த கையோடு தொடங்கித் தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும். மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் பல திசைகளிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். எலி பிடிக்க அவர்களை அழைக்க நினைக்கும் ஊர்கள், அதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

*சொர்ணவாரி:* இதற்கும் அதே கணக்குத்தான். குறுகிய காலப் பயிர் என்பதால் நட்டு மூன்று வாரத்துக்குள் தயாராகிவிட வேண்டும்.

வளைக்குள் என்ன நடக்கிறது?

ஈனுவதற்குச் சில நாள் முன்பே தாய் எலி வளைக்குள் ஓர் அறையைத் தயார் செய்யும். வைக்கோலையும் காய்ந்த புல்லையும் பல்லால் கிழித்துப் பந்து போலச் சுருட்டிப் படுக்கை போடும். நெற்கதிர் சேர்த்து வைக்கத் தனி அறை உண்டு. வளையின் வாயைப் புதுமண்ணால் அடைத்து வைக்கும். ஆபத்து வந்தால் தப்பிக்க, வேறொரு பக்கம் மெல்லிய மண் மூடிய வழி ஒன்றையும் வைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அந்த வழி தெரியாது.

எந்த வளையில் எலி இருக்கிறது என்று அறிய எளிய வழி உண்டு. மாலையில் வரப்பில் உள்ள எல்லா வளைகளையும் மண் போட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ, எதன் வாயில் புதுமண் தள்ளப்பட்டிருக்கிறதோ, அதில் எலி குடியிருக்கிறது. அங்கே ஒரு குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டும். மற்ற வளைகளில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

இருளர் கைப்பழக்கம்

வளையைப் படிப்பதில் செங்கல்பட்டுப் பகுதி இருளர் மக்களுக்கு இணை இல்லை. மண்ணின் ஈரம், புழுக்கை, உமி, கால் தடம் இவற்றைப் பார்த்தே உள்ளே எலி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். முதலில் தப்பும் வழியைக் கண்டுபிடித்து அடைப்பார்கள். பிறகே கடப்பாரையைப் போடுவார்கள். வளையில் கிடைக்கும் நெல் பிடித்தவருக்கே என்பது பல ஊர்களில் வழக்கம்.

வைக்கோலை மண்பானையில் கொளுத்தி, பானையை வளை வாயில் கவிழ்த்து, அடியிலுள்ள துளையில் வாயை வைத்து ஊதிப் புகை போடுவது பழைய முறை. இதில் கையும் உதடும் சுடும். புகை நெஞ்சுக்குள் போய் மூச்சுக் கோளாறு வரும். 2000-களின் தொடக்கத்தில், கையால் சுழற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவி இருளர்களுக்கு அறிமுகமானது. ஊராட்சியோ உழவர் குழுவோ இப்படி ஒரு கருவியை வாங்கி வைத்தால் ஊர் முழுவதும் பயன்படும்.

இந்த மக்களின் முக்கியத் தொழிலாக முன்பு இருந்தது தோலுக்காகப் பாம்பு பிடிப்பது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கத்தில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்சு எடுத்து, பாம்புகளை மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த நஞ்சு பயன்படுகிறது. இம்மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட கைத்திறனுக்கு வளை நெல்லை மட்டும் கூலியாகக் கொடுத்து அனுப்புவது முறையல்ல. பிடிக்கும் எலிக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, நெல்லோடு கூலியும் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

1. நடவுக்கு முன் வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்குச் செதுக்கிச் சிறிதாக்க வேண்டும். அகல வரப்பு எலிக்கு வீடு கட்டிக் கொடுத்தது போல. வரப்புப் புல்லையும் வயலோர வைக்கோல் குவியலையும் அகற்ற வேண்டும்.

2. நட்ட இரண்டு வாரத்துக்குள் ஏக்கருக்கு 16 முதல் 20 இடங்களில் ‘டி’ வடிவக் குச்சிகளை நட வேண்டும். இரவில் கூகையும் ஆந்தையும் உட்கார்ந்து எலி பிடிக்கும். கதிர் பால் பிடித்ததும் குச்சிகளை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் நெல் தின்னும் பறவைகள் உட்காரும். கூகை கூவினால் கெடுதல் என்று விரட்டுபவர்கள், அது குஞ்சு வளர்க்கும் நாட்களில் ஒரே இரவில் எத்தனை எலிகளைத் தூக்கிப் போகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

3. கதிர்க் குருத்து உருவாகும் முன் உள்ள இரண்டு வாரத்தில் வளைகளை அடையாளம் கண்டு வெட்டிப் பிடிக்க வேண்டும். கூடவே ஏக்கருக்கு 40 தஞ்சாவூர் கிட்டிகள் வைக்கலாம். மூங்கிலில் செய்யும் இந்தக் கிட்டியை மாலையில் வைத்துக் காலையில் எடுத்துவிட வேண்டும்.

4. இதை ஒருவர் மட்டும் செய்தால் பலன் பத்து நாள்கூட நிற்காது. பக்கத்து வயல் எலி வந்து காலி வளையில் குடியேறும். ஒரே மதகில் நீர் பாயும் எல்லோரும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும்.

5. நடவையும் கூடியவரை இரண்டு வார இடைவெளிக்குள் ஊரே முடிக்க வேண்டும். ஒருவர் வயல் அறுக்கும்போது அடுத்தவர் வயல் சூல் கட்டி நின்றால், எலிக்கு மாதக்கணக்கில் இரை கிடைக்கும். அது ஈற்றை நிறுத்தாது. தென்கிழக்கு ஆசிய நெல் நாடுகளிலும் எலி ஒழிப்புக்கு முதலில் சொல்லப்படுவது ஊர் கூடி நடுவதும், ஊர் கூடிப் பிடிப்பதும்தான்.

மாமல்லபுரம், கல்பாக்கம், செய்யூர் பக்கக் கடலோர மணல் நிலத்தில் நிலக்கடலை போடுபவர்களுக்கும் இதே கணக்கு உதவும். அங்கே வெள்ளெலிக்குச் சினைக்காலம் சுமார் 4 வாரம். காய் பிடித்த பிறகு காத்திருக்காமல், பூக்கும் சமயத்திலேயே வளைகளைப் பார்க்க வேண்டும். சவுக்குத் தோப்பை ஒட்டிய ஓரங்களை முதலில் பார்ப்பது நல்லது.

நஞ்சு வைப்பதானால்

வெட்டியும் கிட்டி வைத்தும் அடங்காத இடத்தில் மட்டும் நஞ்சைப் பயன்படுத்தலாம். ஜிங்க் பாஸ்பைடு என்றால் 49 பங்கு இரைக்கு 1 பங்கு மருந்து. முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத பொரியை வைத்துப் பழக்கிவிட்டுத்தான் மருந்து கலந்ததை வைக்க வேண்டும். ஒரு முறை தப்பிய எலி அதை மறுபடி தொடாது. அதனால் ஒரே பட்டத்தில் திரும்பத் திரும்ப வைப்பது வீண். புரோமோடையலான் மருந்து மெதுவாகச் சில நாளில் கொல்லும். அதற்கு முன்பழக்கம் வேண்டாம். எதுவானாலும் 10 கிராம் பொட்டலமாகக் கட்டி, எலி இருக்கும் வளைக்குள் வைத்து மூட வேண்டும். வரப்பில் திறந்து வைக்கக் கூடாது.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அது பல உயிர்களை வாங்கியிருக்கிறது. வீட்டில் பழைய குழாய் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஒதுக்கிவிட வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பயிற்சி பெற்றவர் கையாள வேண்டியது. விவசாயி தானே வாங்கி வளையில் போடக் கூடாது.

நஞ்சு வைத்த வயலில் எலி பிடிக்க வருபவரிடம் அதை மறைக்கக் கூடாது. எலிக்கறி சமைக்கும் குடும்பங்கள் உண்டு. நஞ்சு தின்ற எலி அவர்கள் அடுப்புக்குப் போகலாம். செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூகையும் நாயும் தின்னும்.

வாசகர் கேள்விகள்

*மகன் ஒரு ஜோடி வெள்ளை எலி வாங்கி வளர்க்கிறான். பெண் எலியின் வயிறு பெருத்திருக்கிறது. என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?*

வளர்ப்பு எலிக்கும் சினை 21 முதல் 23 நாள்தான். ஆண் எலியை இப்போதே தனிக்கூண்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஈன்ற ஒரு நாளுக்குள் மறுபடி சினையாகிவிடும். கம்பி வலைத் தரையில் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். அடிப்பாகம் பலகையாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். கிழித்த வெள்ளைக் காகிதம் நிறையப் போடுங்கள்; படுக்கையை அதுவே செய்துகொள்ளும். நூல் பிரியும் துணியும், வாசனை வீசும் மரத்தூளும் வேண்டாம். தானியத்தோடு வேகவைத்த முட்டை, முளைகட்டிய பயறு கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கூண்டை வெயிலும் கொசுவர்த்திப் புகையும் படாத, நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். ஈன்ற முதல் இரண்டு நாள் குட்டிகளைத் தொட வேண்டாம். மிரண்ட தாய் குட்டியைத் தின்றுவிடக் கூடும். குட்டியின் வயிற்றில் வெள்ளையாகத் தெரிந்தால் பால் குடிக்கிறது என்று பொருள். ஐந்தாவது வாரத்துக்குள் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் பிரித்துவிடுங்கள். பெருகிவிட்டது என்று வயலில் கொண்டுபோய் விடாதீர்கள். வயல் வளையில் கிடைக்கும் குட்டிகளை வீட்டில் வளர்க்கவும் வேண்டாம், நோய் வரும்.

*வளை வெட்டும்போது பாம்பு வந்தால்?*

அடிக்காமல் ஒதுங்கி வழி விடுங்கள். எலி வளையில் இருக்கும் பாம்பு எலியைத் தின்னவே வந்திருக்கும். சாரைப்பாம்பை விரட்டினால் அது தின்ன வேண்டிய எலியை நீங்கள்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

*எலி வெட்டிய சில நாளில் காய்ச்சல் வந்தால்?*

எலிச் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, கால் வெடிப்பு, கீறல் வழியே உடலில் புகும். அதனால் வருவது எலிக் காய்ச்சல். கடுமையான தசைவலி, கண் சிவப்பு இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘எலி பிடித்தேன், சேற்றில் நின்றேன்’ என்று சொல்லி மருத்துவம் பெறுங்கள். அடுத்த முறை கையுறையும் ரப்பர் காலணியும் போட்டு இறங்குங்கள்.

இந்தப் பட்டத்தில் விதைத்த தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அறுவடை நாளிலிருந்து 65 நாள் பின்னால் எண்ணி, அதற்கு இரண்டு வாரம் முன் உள்ள தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அன்று மாலை மண்வெட்டியோடு வரப்புக்குப் போய் வளைகளை மூடத் தொடங்கினால் போதும்.